கேட்டது கிடைக்காவிட்டால் கடவுள் கேட்கவில்லை என்று அர்த்தமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறோம். ஊர்கள் வேறு வேறாக இருந்தாலும் கேள்வி சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: செபம் எதற்கு, அந்தப் பக்கம் கேட்பவர் ஒருவர் இருக்கிறாரா? பெயர் போட வேண்டாம் என்று பலரும் எழுதியிருப்பதால் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் கோவிலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. 1964 புயல் இரவில் அங்கே இருந்தவர்கள் செபிக்காமலா இருந்திருப்பார்கள்? அந்தச் செபம் என்ன ஆனது? – வாசகர், ராமேஸ்வரம்

செபித்திருப்பார்கள். டிசம்பர் 22 இரவு அது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள் இருந்தது. அந்த இரவுக்கு முழு விடை தன்னிடம் இருப்பதாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் எவையெல்லாம் தப்பான விடை என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்கு நற்செய்தியே போதும்.

‘அவர்கள் செய்த பாவம்’ என்பது முதல் தப்பு. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). ‘விசுவாசம் போதவில்லை’ என்பது இரண்டாவது தப்பு. சாவுக்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டவர் இயேசு. அது அகலவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மூன்றாவது தப்பைத்தான் நம் ஊர் துக்க வீடுகளில் அதிகம் கேட்கிறோம்: ‘எல்லாம் நன்மைக்கே, அழாதீங்க.’ செத்துப்போன நண்பன் இலாசரை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். அழுகிறவரை அடக்க நமக்கு உரிமை கிடையாது.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். எபிரேயர் திருமுகம் 5:7-ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். தம்மைச் சாவிலிருந்து காப்பாற்ற வல்லவரை நோக்கி இயேசு கண்ணீரோடு கதறி மன்றாடினார், அவருக்குச் செவிசாய்க்கப்பட்டது என்கிறது அந்த வசனம். ஆனால் மறுநாள் அவர் சிலுவையில் செத்தார். சாவு தப்பவில்லை, ஆனாலும் ‘செவிசாய்த்தார்’ என்று எழுதத் தயங்கவில்லை அந்த ஆசிரியர். ‘கேட்டார்’ என்பதற்கு ‘கொடுத்தார்’ என்று நாம் வைத்திருக்கும் பொருள் விவிலியத்தின் பொருள் இல்லை. சிலுவையில் தொங்கியவரைத் தந்தை விட்டுவிடவில்லை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. தனுஷ்கோடியில் கதறியவர்களையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை என்பது எங்கள் விசுவாசம். கண்ணால் பார்த்து எண்ணிக் காட்டக்கூடிய விஷயம் இல்லை அது.

அப்படியானால் காற்றையே நிறுத்தியிருக்கலாமே? ஐப்பசி, கார்த்திகையில் நம் கண்மாய்களையும் ஊருணிகளையும் நிரப்புகிற மழை எந்தக் கடற்சூட்டிலிருந்து எழுகிறதோ, அதே சூட்டிலிருந்துதான் புயலும் எழுகிறது. உலகம் தனக்கென்று ஓர் ஒழுங்கோடு படைக்கப்பட்டது, இன்னும் நிறைவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது. கடவுள் குறுக்கிட முடியாதவர் என்று அதற்குப் பொருள் இல்லை. குறுக்கிடக் கேட்கலாம், கேட்க வேண்டும். அவர் குறுக்கிட்ட இடத்தில் நல்லவர்கள் இருந்தார்கள், குறுக்கிடாத இடத்தில் கெட்டவர்கள் இருந்தார்கள் என்று மட்டும் கணக்குப் போடக் கூடாது.

மாற்கு 4-இல் படகு மூழ்கப்போகும்போது சீடர்கள் சொன்னதைக் கவனியுங்கள்: ‘போதகரே, சாகப்போகிறோமே, உமக்குக் கவலையே இல்லையா?’ மரியாதையான செபம் இல்லை அது. இயேசு முதலில் எழுந்து காற்றைத்தான் அதட்டினார். ‘ஏன் பயப்படுகிறீர்கள்’ என்று அவர்களைக் கேட்டது அதற்குப் பிறகு.

‘நீங்கள் கேட்குமுன்பே உங்கள் தேவை தந்தைக்குத் தெரியும்’ என்கிறார் இயேசு (மத்தேயு 6:8). தெரிந்தவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? நாம் கேட்டால் கடவுள் மனசு மாறுமா? – கல்லூரி மாணவி, தொண்டி

அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். ‘அவருக்குத் தெரியும், ஆகவே இப்படிச் செபியுங்கள்’ என்று சொல்லித்தான் இயேசு ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்ற செபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். நீங்கள் செபிக்க வேண்டாம் என்பதற்குக் காட்டும் காரணத்தை, அவர் செபிப்பதற்கே காரணமாக வைக்கிறார். தெரியாதவருக்கு விவரம் சொல்கிற வேலையில்லை என்றானதும் செபம் இலேசாகிறது. நீட்டி முழக்க வேண்டாம், ஒப்பிக்க வேண்டாம்.

இதே கேள்வியை ஒரு விதவை கேட்டார். 410-இல் ரோமை நகரம் சூறையாடப்பட்டபோது அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்தவர், பெயர் புரோபா. எப்படிச் செபிப்பது என்று அவர் கேட்டதற்கு, அங்கே ஆயராக இருந்த புனித அகுஸ்தீனார் நீண்ட கடிதம் எழுதினார். தெரிந்துகொள்வதற்காகக் கடவுள் நம்மைக் கேட்கச் சொல்லவில்லை, நம் ஆசையைப் பழக்குவதற்காகச் சொல்கிறார் என்பது அவர் பதில். தர நினைப்பது பெரிது, வாங்கும் பாத்திரம் சின்னது. கேட்கக் கேட்கப் பாத்திரம் விரிகிறது.

கடவுள் மனசு மாறுமா என்ற இரண்டாவது பாதிக்கு 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தெளிவாகப் பதில் சொன்னார். கடவுள் வகுத்ததை மாற்ற நாம் செபிப்பதில்லை. செபத்தின் வழியாகக் கிடைக்கும்படி அவர் வகுத்திருப்பதைப் பெறவே செபிக்கிறோம். விளைச்சல் தருபவர் கடவுள்தான், அதற்காக யாரும் விதைக்காமல் இருப்பதில்லை. விதைப்பும் அவர் ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறது. கேட்பதும் அப்படி ஒரு விதைப்பு.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். அந்த ஒரே செபத்தைப் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லுங்கள். அதில் ஏழு மன்றாட்டுகள் இருக்கின்றன. பெயர், ஆட்சி, திருவுளம் என்று முதல் மூன்றும் அவரைப் பற்றியவை. உணவு, மன்னிப்பு, சோதனை, தீமை என்று மற்ற நான்கும் நமக்கு. ஒவ்வொன்றுக்கும் பிறகு நாலைந்து மூச்சு நிறுத்துங்கள். ‘உமது திருவுளம் நிறைவேறுக’ என்ற இடத்தில் நெஞ்சு இடறினால், தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று ‘இதை என்னால் இன்று முழுமனசோடு சொல்ல முடியவில்லை’ என்று சொல்லுங்கள். அதுவும் செபம்தான். உணவு கேட்கும் வரி நாலாவதாக, ‘இன்று’ என்ற சொல்லோடு வருவதையும் பாருங்கள். சோறு கேட்பது தாழ்ந்த செபம் என்று யாராவது சொன்னால், கேட்கச் சொன்னவர் யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. செபத்துக்கென்று மேடைத் தமிழ் தேவையில்லை. 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த புனித சவேரியார் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, இரு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்து அடிப்படைச் செபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தது. பிறகு மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். 1578-இல் கொல்லத்தில், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் மறைக்கல்விக்கும் செபத்துக்குமாக அச்சடிக்கப்பட்டதுதான். அன்றைக்கே நம் மொழியில் பேசலாம் என்றாகிவிட்டது. வீட்டில் அம்மாவிடம் பேசுகிற தமிழே போதும்.

எல்லை தாண்டியதாகச் சொல்லி என் வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது. விடிய விடியச் செபிக்கிறேன். வழக்குத் தள்ளிப்போகிறதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. இப்போது செபிக்க உட்கார்ந்தாலே கோபம்தான் வருகிறது. கடவுளிடம் கோபப்பட்டால் பாவமா? – வாசகி, தங்கச்சிமடம்

இல்லையம்மா. கோபத்தை மறைத்துக்கொண்டு அவர் முன்னால் நல்லபிள்ளையாக உட்காருவதுதான் செபத்தைக் கெடுக்கும்.

150 திருப்பாடல்களில் எந்த வகை அதிகம் என்று பார்த்தால் புலம்பல்தான். ‘இன்னும் எத்தனை நாள்’ என்று கடவுளின் முகத்துக்கு நேராகக் கேட்பவை அவை. திருப்பாடல் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் எத்தனை நாள், எத்தனை நாள் என்று முறையீடு. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. இந்த வரிசையில் உங்கள் புலம்பலை நீங்களே எழுதலாம். பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் போதும்.

முதல் வரியில் அவரைக் கூப்பிடுங்கள். ‘ஆண்டவரே’ என்றோ ‘அப்பா’ என்றோ, உங்கள் வாய்க்கு எது வருகிறதோ அது. அடுத்து முறையீடு, பக்கத்தில் பாதி இதற்குத்தான். வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது, கடன்காரர் என்ன சொன்னார், பிள்ளை ராத்திரி என்ன கேட்டது என்று உள்ளபடி எழுதுங்கள். ‘நீர் சும்மா இருக்கிறீர்’ என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். திருப்பாடல்களில் அதைவிடக் கடுமையான சொற்கள் இருக்கின்றன. மூன்றாவதாக விண்ணப்பம். இங்கேதான் பலரும் ‘எல்லாரையும் காப்பாற்றும்’ என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிடுகிறார்கள். வேண்டாம். அவர் பெயர், படகில் இருந்த மற்றவர்கள் பெயர், அடுத்த விசாரணைத் தேதி, அந்த நீதிபதியின் மனசு, அந்தக் காவலரின் மனசு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நாலாவது, ‘இருந்தாலும் உம்மை நம்புகிறேன்’ என்பது. இது வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு நோட்டை மூடிவிடுங்கள். திருப்பாடல் 88 அப்படித்தான் இருட்டிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபமாகத்தான் வைத்திருக்கிறது.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, முறையீட்டைத் தாண்டி நேரே நாலாவதுக்குக் குதிப்பது. அப்படிக் குதித்தால் கோபம் உள்ளேயே கிடந்து, பிறகு பிள்ளைகள்மேல் விழும். இன்னொன்று, ‘நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்’ என்று முறையீட்டைத் தன்மேலேயே திருப்பிக்கொள்வது. அவர் சிறையில் இருப்பதற்கு உங்கள் செபக்குறை காரணம் இல்லை.

நேரத்தையும் குறையுங்கள். ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் போதும். விடிய விடிய வேண்டாம். 1 அரசர்கள் 19-இல் இறைவாக்கினர் எலியா ‘போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்’ என்று சொல்லிப் படுத்துவிட்டார். கடவுள் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தூங்கவிட்டார், சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். நீங்களும் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

உங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில்) இதைச் சொல்லி, அவர் பெயரைச் சொல்லியே மன்றாடச் சொல்லுங்கள். பிறருக்காகச் செபிக்கிறவர்களுக்கு ஒரு கடமையும் கூடவே உண்டு. அவர்களில் ஒருவர் உங்களோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்கு வர வேண்டும். அவருடைய மீனவர் அடையாள அட்டை நகல், படகின் பதிவு எண், பிடிபட்ட தேதி, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா என்று பாருங்கள்.

விசைப்படகில் வேலை. கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரை. செபத்துக்கு எங்கே நேரம்? – வாசகர், பாம்பன்

படகில் நீண்ட செபம் வேண்டாம், தம்பி. திருப்பாடல் 70-இன் தொடக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள்: ‘கடவுளே, எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும்.’ எகிப்துப் பாலைவனத் துறவிகள் இந்த ஒரு வரியை நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்ததாக 1,600 ஆண்டுகளுக்கு முன் யோவான் கசியான் என்ற துறவி எழுதி வைத்தார். மூச்சை இழுக்கும்போது ‘கடவுளே’, விடும்போது மீதி. வலையை இறக்கிவிட்டு இழுவையில் இருக்கும் நேரம் இதற்குத் தோதானது. கை வேலையாக இருக்கையில் எண்ணிக்கை வேண்டாம், எண்ணத் தொடங்கினால் கவனம் சிதறும்.

கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வலை வடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்சுக்குப் பக்கத்தில் குனியாதீர்கள். வடத்தோடு சிக்கினால் ஆளை இழுத்துவிடும். அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் பத்து விரல் இருக்கிறது.

கரை வந்து, மீனை இறக்கி, உட்காரக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையைச் செய்யலாம். முதலில் நன்றி: உயிரோடு கரை சேர்ந்ததில் தொடங்கி ஒன்றிரண்டு. அடுத்து, உள்ளதை உள்ளபடி பார்க்க வெளிச்சம் கேட்பது. மூன்றாவது, கிளம்பிய நேரத்திலிருந்து இதுவரை நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்ப்பது. யாரிடம் கத்தினேன், பங்கு பிரித்ததில் நேர்மையாக இருந்தேனா? நாலாவது, தப்புக்கு மன்னிப்பு. ஐந்தாவது, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். பங்கில் ஒருவரை ஏமாற்றியது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய் என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றுவதெல்லாம் அதற்கப்புறம்.

ஒரு எச்சரிக்கை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது ‘செபம் பண்ணிட்டுத்தான் போறோம்’ என்று கிளம்புவது விசுவாசம் இல்லை. ‘உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்காதே’ என்று அலகையிடம் (சாத்தானிடம்) இயேசு சொன்னது இதற்கும் பொருந்தும். உயிர்காப்பு மிதவை உடுப்பு ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையை அழைக்க 1554, மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இந்த இரண்டு எண்களையும் ஓட்டுநர் அறையில் சிலுவைப் படத்துக்குக் கீழே எழுதி வையுங்கள்.

செபமாலை சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது பத்துமணிக்குள் (மாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி) மனசு அடுப்படிக்குப் போய்விடுகிறது. இப்படிச் சொல்வதில் பலன் உண்டா? – வாசகி, மண்டபம்

உண்டு. பராக்கு எல்லாருக்கும் வரும். வந்ததும் அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் அதுவே இரண்டாவது பராக்காகிவிடும். கவனித்த அந்த நொடியில் அடுத்த மணிக்குத் திரும்பினால் போதும். விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்ல வேண்டாம். ஒரு மாலையில் முப்பது தடவை திரும்பினால், முப்பது தடவை கடவுளைத் தேர்ந்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றும் பாருங்கள். மகளின் கல்யாணக் கடன்தான் ஐந்து பத்துமணியிலும் வந்தது என்றால், அதை மறைவுண்மைகளுக்கு (ஒவ்வொரு பத்துமணியிலும் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு) நடுவே வந்த இடைஞ்சலாக நினைக்காமல், அடுத்த பத்துமணியை அதற்கே ஒப்புக்கொடுங்கள்.

ஐந்து பத்துமணி கொண்ட மாலையில் மொத்தம் 59 மணிகள்: ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல 53, ‘விண்ணுலகில் இருக்கிற’ சொல்ல 6. நிதானமாகச் சொன்னால் கால்மணிக்கு மேல், இருபது நிமிடம் வரை ஆகும். பத்து நிமிடத்தில் முடிகிறது என்றால் சொற்களை விழுங்குகிறீர்கள். பாதிப் பராக்கு அந்த வேகத்தில்தான் நுழைகிறது. நேரம் இல்லாத நாளில் ஒரே பத்துமணியை நிதானமாகச் சொல்வது மேல். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைவுண்மைகள் 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபமாலை பற்றிய ஒரு மடலில் சேர்த்தவை. அதே மடலில் பராக்குக்கு நல்ல மருந்து ஒன்றையும் அவர் எடுத்துக்காட்டினார். ‘இயேசு’ என்ற பெயரைச் சொன்னதும் அந்த மறைவுண்மையைக் குறிக்கும் இரண்டு சொல்லைச் சேர்ப்பது சில இடங்களில் உள்ள பழக்கம். முள்முடி சூட்டியதைத் தியானிக்கும்போது ‘முள்முடி தாங்கிய இயேசு’ என்பது போல. மனசுக்குப் பிடிக்க ஒரு கொம்பு கிடைக்கிறது.

வீட்டில் சேர்ந்து சொல்வதாக இருந்தால் ஒரு பத்துமணியைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். தானே முன்சொல்கிற பிள்ளை தூங்காது.

மகனுக்கு வேலை கிடைத்தால் ஓரியூர் அருளானந்தர் கோவிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டேன். வேலை கிடைத்துவிட்டது. முட்டு வலியில் நடக்க முடியவில்லை. ஏதாவது ஆகிவிடுமா? – வாசகி, தேவிபட்டினம்

ஒன்றும் ஆகாது. கடவுள் தவணை தவறினால் வட்டி கேட்கிறவர் இல்லை.

ஆனாலும் நேர்ச்சை விளையாட்டான காரியம் இல்லை என்பதால் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். திருச்சபைச் சட்டத்தின்படி நேர்ச்சை என்பது, செய்யக்கூடிய ஒரு நன்மையைச் செய்வதாகச் சுயமாக, யோசித்துக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. கோபத்திலோ பதற்றத்திலோ வாயில் வந்ததெல்லாம் நேர்ச்சை ஆகாது. ‘இது நடந்தால்’ என்று நிபந்தனை வைத்து அது நடக்காவிட்டால், நேர்ச்சை தானாகவே விலகிவிடும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் ஆண்டுக்கணக்காகப் பயந்துகொண்டிருப்பவர்கள் பலர். உங்களுக்கு நிபந்தனை நிறைவேறிவிட்டது, அதனால் வாக்கு நிற்கிறது. ஆனால் அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான இன்னொரு நன்மையாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பேருந்தில் ஓரியூருக்குப் போய், நடந்திருந்தால் ஆகும் நேரத்தை ஒரு நோயாளிக்கு உதவியாகக் கொடுப்பது அப்படிப்பட்டது. எதைச் செய்தால் சமம் என்று குழப்பமாக இருந்தால் உங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள். நியாயமான காரணத்துக்காக நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்த தடவை நேரும்போது, கால் செய்ய வேண்டியதைக் காலிடம் கேட்டுவிட்டு நேருங்கள்.

‘இந்தச் செபத்தை 11 பேருக்கு அனுப்பு, இல்லையென்றால் கெட்ட செய்தி வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. – வாசகர், கீழக்கரை

அழித்துவிடுங்கள். மிரட்டுவது செபம் ஆகாது. அனுப்பியவர் பயந்துபோய் அனுப்பியிருப்பார். அவருக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுங்கள்.

செபக்கூட்டத்தில் கையை வைத்துச் செபித்த பிறகு, மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிறார்கள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். – வாசகர், உச்சிப்புளி

நிறுத்தாதீர்கள். சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: நோயுற்றால் ஆண்டவரை மன்றாடு, பிறகு மருத்துவருக்கு இடம்கொடு, அவரையும் ஆண்டவர்தான் படைத்தார். இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் பக்கவாதம் வரை போகலாம். குணமாகியிருக்கிறது என்று தோன்றினால் இரத்தப் பரிசோதனை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். குறைப்பதையும் நிறுத்துவதையும் அவர் சொல்லட்டும். கடவுள் தந்த குணம் பரிசோதனைக்குப் பயப்படாது. கடுமையான நோய் என்றால், சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் அருட்சாதனம் கேளுங்கள். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு, பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் வாங்கலாம்.

நாங்கள் இந்துக் குடும்பம். ஓரியூர் அருளானந்தர் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளலாமா? எங்கள் வேண்டுதலும் கேட்கப்படுமா? – வாசகர், திருவாடானை

தாராளமாக வாருங்கள். யாருடைய செபம் கடவுளிடம் போகும் என்று வாசலில் நின்று தரம் பிரிக்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. கிறிஸ்தவர்கள் புனிதரை வணங்குவதில்லை, தங்களுக்காகக் கடவுளிடம் பரிந்து பேசும்படி கேட்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். முந்தைய நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் தப்பிப்பதற்கு வழி கேட்கவில்லை. அவரிடம் போய் நிற்கும்போது, வேண்டுவதோடு கொஞ்ச நேரம் பேசாமலும் இருந்து பாருங்கள்.

என் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா ‘அவன் வருவான்’ என்கிறார்கள். உயிரோடு இருப்பவனுக்கான செபமா, இறந்தவனுக்கான செபமா, எதைச் சொல்வது? – வாசகி, தங்கச்சிமடம்

நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. எங்கே இருக்கிறான் என்று கடவுளுக்குத் தெரியும். ‘ஆண்டவரே, தம்பி உம்முடைய கையில் இருக்கிறான், அவனைப் பார்த்துக்கொள்ளும்’ என்ற ஒரு வரி இரண்டுக்கும் பொருந்தும். பூசைக்குக் கருத்து (யாருக்காகப் பூசை என்ற குறிப்பு) கொடுக்கும்போதும் ‘இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று எழுதாமல், பெயரை மட்டும் எழுதி ‘அவருக்காக’ என்று கொடுங்கள். பூசையை உயிரோடு இருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். காணிக்கை கொடுக்க வழியில்லை என்றால் சாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள். இல்லாதவருக்காகக் காணிக்கை வாங்காமலும் பூசை வைக்கும்படி குருக்களைத் திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது.

அம்மாவைத் திருத்தாதீர்கள். அவர் ‘வருவான்’ என்று செபிக்கட்டும், நீங்கள் உங்களுக்கு வந்ததைச் செபியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு செபம் இருக்கலாம். குடும்பம் முழுதும் மனசு தேறி, இறந்துவிட்டான் என்று ஏற்றுக்கொள்ளும் நாள் ஒன்று வந்தால், உடல் இல்லாமலே அடக்கத் திருப்பலி வைக்கலாம். கடலில் உடல் கிடைக்காதவர்களுக்கு அதற்கு வழியுண்டு. எத்தனை வருஷத்துக்குள் என்ற கெடு எதுவும் கிடையாது. சட்டப்படி இறப்புச் சான்று வாங்குவது வேறு காரியம், அதற்காக அம்மாவின் செபத்தை அவசரப்படுத்த வேண்டாம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறைக்குப் போகும்போது உங்களுக்குப் போக இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை நிற்கும். அதன் அடியில் மெழுகுவர்த்தி வையுங்கள். சாமியார் மந்திரித்துக்கொண்டு வரும்போது தம்பியின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா வர மாட்டேன் என்றால், வீட்டிலேயே இருக்கட்டும். திரும்பி வரும்போது அவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோய்க் கொடுங்கள். அதை எதற்காக ஏற்றுவது என்று அவரே பார்த்துக்கொள்வார்.